புகையை விட நினைக்கும் தொழிலாளிக்கு ஆலைக்குள் என்ன செய்து கொடுக்கலாம்?

வல்லக்கோட்டைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் தொழிலாளர் நல அலுவலராக இருக்கிறேன். மூன்று ஷிப்ட், மொத்தம் 640 பேர். பாதிக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

இந்த வருடம் மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாளன்று வழக்கம்போல உறுதிமொழி எடுத்தோம். எல்லோரும் வலது கையை நீட்டி வாசித்தார்கள். பேனர், போட்டோ எல்லாம் ஆயிற்று. பத்து நிமிடத்தில் டீ பிரேக் மணி அடித்தது. கேட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையில் கயிற்றில் நெருப்பு தொங்கும். அதைச் சுற்றி அதே கைகள். நான் உள்ளே வந்து, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று அறிக்கை எழுதி அனுப்பினேன்.

ஆகஸ்டில், இரண்டாம் ஷிப்டில் ஒரு ஆபரேட்டருக்கு மாரடைப்பு. வயது 41. பக்கத்தில் இருந்தவர்கள் உடனே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தார். ஆறு வாரம் கழித்து, திரும்ப வேலைக்குச் சேர உடற்தகுதிச் சான்றிதழோடு என் அறைக்கு வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தவர் நின்று சொன்னார்: "சார், பீடி சிகரெட்ட விட்டாகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எப்படி விடுறதுன்னு யாரும் சொல்லல சார்."

என்னிடம் பதில் இல்லை. எதிரே அவர் தலைக்கு மேலே, நான் ஒட்டிய நுரையீரல் போஸ்டர் இருந்தது.

நிர்வாகத்திடம் பேசி, சிறிய தொகை ஒன்றுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டேன். இன்னொரு உறுதிமொழி விழாவுக்கு அதைச் செலவழிக்க மனமில்லை. உங்கள் ஆலையிலோ அலுவலகத்திலோ இப்படி ஏதாவது நடந்து, நிஜமாகவே நாலு பேர் விட்டிருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நடந்து தோற்றது என்றாலும் எழுதுங்கள், அதுவும் வேண்டும்.


செவிலி மங்கை:

சார், நான் வேறொரு ஆலையின் மருத்துவ அறையில் 11 வருடமாக இருக்கிறேன். அந்த ஆபரேட்டர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

விடும்போது உடம்பில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிகோடின் ரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால்தான் இரண்டு மணிக்கு ஒருதரம் கை பாக்கெட்டைத் தேடுகிறது. நிறுத்திய இரண்டாவது, மூன்றாவது நாள்தான் உச்சம். எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுவது, பசி எல்லாம் சேர்ந்து வரும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு முறை ஆசை எழும்போதும் அது சில நிமிடம்தான் நிற்கும். இது தெரியாதவர்கள், 'வாழ்க்கை முழுக்க இப்படித்தான் இருக்கப் போகிறது' என்று பயந்து மூன்றாம் நாள் மறுபடி பற்ற வைக்கிறார்கள்.

அப்புறம் மலச்சிக்கல். காலையில் ஒரு தம் அடித்தால்தான் வயிறு சுத்தமாகும் என்று நம்மவர்கள் சொல்வது வெறும் சாக்கு இல்லை. நிகோடின் குடலைத் தூண்டும். விட்டதும் சில வாரம் சிக்கல் இருக்கும். வெந்நீர், பழம், கீரை, தேவைப்பட்டால் மருந்து. இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் இதற்காகவே பழையபடி ஆரம்பித்தவர்களை எனக்குத் தெரியும்.

டீ இன்னொன்று. புகைப்பவர் உடம்பு காஃபீனைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே ஆறு டீயைக் குடித்தால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. புகையை விட்டதால்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் மாதம் டீயைப் பாதியாக்கச் சொல்லுங்கள்.

நிகோடின் சூயிங் கம் 2 மி.கி. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். கம்மை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, மெல்லுவதைச் செய்து காட்ட வேண்டும். சாதாரண பபிள்கம் மாதிரி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல். நாக்கில் சுருக்கென்று காரம் தட்டும்வரை மெதுவாக மெல்ல வேண்டும். தட்டியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் இரண்டு மெல்லு, மறுபடி ஒதுக்கு. அரை மணி நேரம் இப்படி. மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, ஜூஸ் கூடாது, குடித்தால் மருந்து வாயில் ஏறாது. 'கம் எனக்கு வேலை செய்யல' என்று வருபவர்களில் பலர் டீயோடு மென்றவர்கள்.

உங்கள் ஆபரேட்டருக்கு மாரடைப்பு வந்திருப்பதால், அவர் விஷயத்தில் எந்த மருந்தும் இதய மருத்துவரைக் கேட்டுத்தான். ஆனால் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் இரண்டு கேள்வி சேருங்கள். ஒரு நாளில் எத்தனை? காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதலாவது? ஐந்து நிமிடத்துக்குள் என்றால் உடம்பு நன்றாகப் பிடிபட்டிருக்கிறது, அவரை வெறும் அறிவுரையோடு அனுப்பக் கூடாது.

தேசிய உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பெட்டியிலேயே அச்சாகிறது. சில்லறையாக ஒன்று ஒன்றாக வாங்குகிறவர் பெட்டியையே பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல். கேன்டீன் டோக்கனில் அச்சடித்துக் கொடுங்கள்.


மூணாவது ஷிப்ட்:

நான் சி.என்.சி., அதாவது கணினி வழி இயங்கும் மெஷின் ஆபரேட்டர். 14 வருடம் பிடித்தேன், விட்டு மூன்று வருடம் ஆகிறது. அக்கா சொன்ன உடம்பு விஷயம் எல்லாம் சரி. எனக்கு அதைவிடப் பெரிய தடையாக இருந்தது வேறு.

இரவு மூன்று மணிக்கு கூலன்ட் வாடையில் கண் எரியும். நின்றே இருப்பதால் குதிகால் மரத்துப் போயிருக்கும். மெஷினை விட்டு நகர வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் காரணம் சொல்ல வேண்டும். "தம்முக்குப் போறேண்ணே" என்றால் தலையை ஆட்டுவார், சில நாள் அவரும் கூட வருவார். "சும்மா அஞ்சு நிமிஷம் வெளிய நின்னுட்டு வரேன்" என்றால், "ஏன், உடம்புக்கு முடியலையா? லீவு போட்டுட்டுப் போ" என்பார்.

அதாவது தம் அடிப்பவனுக்குத்தான் காற்று வாங்க அனுமதி. நான் பழகியதே அப்படித்தான். சேர்ந்த புதிதில் எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. சீனியர்கள் வெளியே போகும்போது நான் மட்டும் உள்ளே நிற்பேன். நாலாவது மாதம் நானும் ஒன்று பற்ற வைத்தேன்.

விட்ட முதல் மாதம் நான் என்ன செய்தேன் தெரியுமா? விட்டதை யாரிடமும் சொல்லவில்லை. எப்போதும்போல தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போவேன். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் நின்று குச்சிகளை ஒவ்வொன்றாக ஒடித்துப் போடுவேன். ஐந்து நிமிடம் ஆனதும் திரும்பி வருவேன். ஒரு நாள் பெருக்கும் அம்மா, "ஏம்ப்பா, பத்த வைக்காத குச்சியா கெடக்குது, யாருப்பா ஒடிக்கிறது?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஓர் ஆளிடம் சொன்னேன், நான் விட்டுவிட்டேன் என்று.

சார், கம் வாங்குங்கள், ஆலோசகரை வரவழையுங்கள், எல்லாம் நல்லது. ஆனால் புகையை எடுக்கும்போது அந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். புகைக்காதவனுக்கும் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுங்கள்.


தாம்பரம் ரயிலடி:

மேலே எழுதியவர் சொன்னதை அலுவலகத்திலும் தினமும் பார்க்கிறேன். எங்கள் குழுவில் நான்கு பேர் ஒரு நாளைக்கு ஐந்து முறை கீழே போகிறார்கள். போன் எடுப்பது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது எல்லாம் மிச்சப் பேர். இதைக் கேட்டால் பொறாமை என்கிறார்கள்.

ஜப்பானில் பியாலா என்ற நிறுவனம் 2017-இல் இதற்கு ஒரு வழி செய்தது. அலுவலகம் 29-வது மாடியில், புகைக்குமிடம் அடித்தளத்தில். ஒருமுறை போய்வரக் கால் மணி நேரம் ஆகிறது என்று ஊழியர்கள் புகார்ப் பெட்டியில் எழுதிப் போட்டார்கள். தலைவர் புகைப்பவர்களைத் தண்டிக்கவில்லை. புகைக்காதவர்களுக்கு வருடத்துக்கு ஆறு நாள் சம்பளத்தோடு கூடுதல் விடுப்பு கொடுத்தார். அதற்காகவே சிலர் விட்டார்கள் என்றும் செய்தி வந்தது. இங்கே ஏன் செய்யக் கூடாது?


செங்கொடி மணி:

தோழர் ரயிலடி, உங்கள் ஆதங்கம் நியாயம்தான். ஆனால் விடுப்பை இதோடு முடிச்சுப் போட்டால், யார் புகைக்கிறார் யார் புகைக்கவில்லை என்று பட்டியல் எடுக்க வேண்டி வரும். அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கும்? அதுதான் எனக்குக் கவலை.

நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன். ஓர் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தார்கள். புகைப்பவர்கள் பெயர் கொடுத்தால் இலவச ஆலோசனை என்றார்கள். 30 பேர் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில், அந்த 30 பேரில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் சிலரை எடுக்கவில்லை. காரணம் இதுதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அடுத்த வருடம் ஆலோசகர் வந்து உட்கார்ந்தபோது ஒருவர்கூட உள்ளே போகவில்லை.

வல்லக்கோட்டை சார், உங்கள் திட்டத்தில் பெயர்ப் பட்டியல் மருத்துவ அறையோடு நிற்க வேண்டும். மனிதவளத் துறைக்கு எண்ணிக்கை மட்டும் போகட்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எதுவும் போகக் கூடாது. இதை எழுத்தில், தமிழில், இந்தியில் அறிவிப்புப் பலகையில் போடுங்கள். ஒப்பந்தக்காரரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

அபராதம் பற்றியும் ஒரு வார்த்தை. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் வந்த விதிகளும் வேலையிடத்துக்குள் புகைப்பதைத் தடை செய்கின்றன. 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. புகைப்பதற்கென்று தனி அறை வைக்க விமான நிலையத்துக்கும், 30 அறைக்குக் குறையாத விடுதிக்கும், 30 பேருக்குக் குறையாமல் உட்காரும் உணவகத்துக்கும்தான் அனுமதி. ஆலைக்குக் கிடையாது. சரி, சட்டம் சட்டம்தான். ஆனால் மேலாளர் தன் அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் புகைப்பதும், கழிவறைக்குப் பின்னால் பீடி பிடித்த ஹெல்பருக்கு மட்டும் சம்பளத்தில் பிடிப்பதும் நடந்தால், உங்கள் திட்டம் அந்த நிமிடமே செத்தது.


டல்லாஸ் தமிழன்:

அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் இதைப் பணத்தால் செய்து பார்த்திருக்கின்றன. எனக்கு இதில் ஈடுபாடு உண்டு, விவரமாகவே எழுதுகிறேன்.

2009-இல் வெளியான ஆய்வு ஒன்று ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவன ஊழியர்கள் 878 பேரிடம் நடந்தது. கெவின் வோல்ப் என்ற மருத்துவர் தலைமை. ஒரு பாதிப் பேருக்கு, விடுவதற்கு எங்கே உதவி கிடைக்கும் என்ற தகவல் மட்டும். மறுபாதிக்குத் தகவலோடு மொத்தம் 750 டாலர் வரை: பயிற்சியை முடித்தால் 100, ஆறு மாதத்துக்குள் விட்டால் 250, அதற்கு மேலும் ஆறு மாதம் தொடர்ந்தால் 400. சும்மா வாய்ச்சொல் இல்லை, எச்சிலோ சிறுநீரோ சோதித்துத்தான் பணம். ஒரு வருடக் கணக்கில் பணம் பெற்ற குழுவில் 14.7 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், மற்ற குழுவில் 5 சதவீதம்.

பாருங்கள், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 750 டாலர் கொடுத்தும் 100-க்கு 85 பேர் விடவில்லை. அதனால் உங்கள் நிர்வாகம் முதல் வருடத்தில் 'பாதிப் பேராவது விட்டார்களா?' என்று கேட்டால் மனம் உடைய வேண்டாம்.

2015-இல் சி.வி.எஸ். மருந்துக் கடை நிறுவனத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். ஒரு பிரிவுக்கு வெறும் பரிசு. இன்னொரு பிரிவில் ஊழியர் முதலில் தன் கையிலிருந்து 150 டாலர் கட்ட வேண்டும், விட்டால் அதுவும் திரும்ப வரும், மேலே பரிசும் வரும், விடவில்லை என்றால் கட்டியது போயிற்று. பரிசுத் திட்டத்தில் சேரச் சொன்னபோது 90 சதவீதம் பேர் சரி என்றார்கள். சொந்தப் பணம் கட்டச் சொன்னதும் வெறும் 13.7 சதவீதம். ஆனால் எந்தத் திட்டம் கொடுத்தாலும் சேர்ந்திருக்கக்கூடியவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால், சொந்தப் பணத்தைப் பணயம் வைத்த முறைதான் கூடுதலாக விட வைத்தது. தன் காசு போகிறது என்றால் மனிதனுக்கு வலிக்கிறது.

இன்னொன்று, செவிலி மேடம் கவனிக்க வேண்டியது. 2018-இல் 54 நிறுவனங்களில் 6,006 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு. வேண்டாம் என்று சொன்னவரைத் தவிர எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள், விருப்பம் இருக்கிறதா என்று முதலில் கேட்கவில்லை. கம், தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் போன்றவற்றை இலவசமாகக் கொடுத்த குழுவில் ஆறு மாதம் தொடர்ந்து விட்டவர்கள் 0.5 சதவீதம்தான். இ-சிகரெட் இலவசமாகக் கொடுத்த குழுவில் 1 சதவீதம். பணம் சேர்ந்த குழுக்களில் 2-லிருந்து 3 சதவீதத்துக்குள். இலவச கம் மட்டும் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை.


செவிலி மங்கை:

டல்லாஸ் சார், அந்தக் கணக்கு எனக்கு ஆச்சரியமாக இல்லை. மேசை மேல் கம் பெட்டியை வைத்துவிட்டு 'வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்றால் அப்படித்தான் ஆகும். விட நினைப்பவரை உட்கார வைத்து, தேதி குறித்து, மூன்றாம் நாள் போன் போட்டு 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்பது வேறு. கம் அதற்குத் துணை. இ-சிகரெட் பற்றி இங்கே பேசவே வேண்டாம், 2019-லிருந்து நம் நாட்டில் விற்பதே குற்றம்.

தேதி குறிப்பதில் ஒரு சின்ன விஷயம். ஷிப்ட் வேலை செய்பவருக்கு இரவு ஷிப்ட் வாரத்தில் தேதி குறிக்காதீர்கள். பகல் ஷிப்ட் தொடங்கும் வாரத்தின் இரண்டாம் நாள் வையுங்கள். உச்ச வேதனை இருக்கும் மூன்றாவது நாள் அவர் கண்ணெதிரே நாம் இருப்போம்.


திருத்தங்கல்:

எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலைகளில் கேட்டிலேயே பாக்கெட்டைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பீடி, தீப்பெட்டி எதுவும் போகாது. உள்ளே வேலை செய்யும் வரைக்கும் ஒரு பொறிகூட ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். என் சித்தப்பா 22 வருடம் அப்படி வேலை செய்தார். பகல் முழுக்க ஒன்றும் கிடையாது, சிரமமாக இருப்பதாகச் சொல்லிக்கூடக் கேட்டதில்லை. சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் இரண்டு பீடி அடுத்தடுத்து. ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு காலி.

அதனால் தடை மட்டும் போதாது என்று நினைக்கிறேன். ஆனால் தடை வீண் என்றும் சொல்ல மாட்டேன், தினமும் அத்தனை மணி நேரம் அவர் நுரையீரல் ஓய்வெடுத்தது.


டல்லாஸ் தமிழன்:

திருத்தங்கல், நீங்கள் சொன்னதற்கு ஒத்துப்போகும் கணக்கு இருக்கிறது. சில நாடுகளில் முழுக்கப் புகையில்லா வேலையிடங்களைப் பற்றி வந்த 26 ஆய்வுகளை 2002-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அங்கே புகைப்பவர் பங்கு 3.8 சதவீதப் புள்ளி குறைந்தது. விடாதவர்களும் நாளொன்றுக்குச் சுமார் 3 சிகரெட் குறைவாகப் பிடித்தார்கள். தடை ஒரு பாதி வேலையைச் செய்கிறது.


கூடலூர் ஜெயந்தி:

நான் ஒரு ஐ.டி. நிறுவனத்தில். எங்கள் ஆரோக்கியத் திட்டம் ஒரு ஆப். எத்தனை அடி நடந்தோம், எத்தனை டம்ளர் தண்ணீர் என்று புள்ளி தரும். 'புகையற்ற நாள்' என்று தட்டினால் பத்துப் புள்ளி. யாரும் சரிபார்ப்பதில்லை.

பெண்களைப் பற்றியும் யோசியுங்கள். நம் ஊரில் ஒரு பெண் 'நான் புகைப்பேன், விட உதவுங்கள்' என்று அலுவலகத்தில் வாய் திறக்க முடியுமா? எனக்கு முடியவில்லை. வெளியே ஒரு மனநல மருத்துவரிடம் சொந்தச் செலவில் போய்த்தான் விட்டேன். ஆலோசகர் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், போனிலேயே பேசிக்கொள்ள வழியும் இருக்கட்டும்.


வல்லக்கோட்டைக்காரன்:

ஜெயந்தி மேடம், இதை எழுதியதற்கு நன்றி. எங்கள் ஆலையில் 90 பெண்கள் இருக்கிறார்கள். புகையைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தைகூட நான் பேசியதில்லை.

மணி தோழர் சொன்ன எழுத்துறுதியை இன்றே தட்டச்சு செய்துவிட்டேன், நாளை மேலாளர் கையெழுத்துக்குப் போகிறது. மூணாவது ஷிப்ட் தம்பி, உங்கள் பதிவை அப்படியே அச்செடுத்து உற்பத்தி மேலாளரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பணம் கொடுப்பதற்கு நிர்வாகம் இப்போது தயாரில்லை. வேறு யோசனை இருக்கிறதா?


செங்கொடி மணி:

டல்லாஸ் தோழர் சொன்ன 'சொந்தக் காசைக் கட்டுவது' நமக்குப் புதிதில்லையே, சீட்டுப் பிடிக்காத ஆலை உண்டா? பத்துப் பேர் சேருங்கள். ஒவ்வொருவரும் தினமும் தம்முக்குச் செலவழிக்கும் காசை ஓர் உண்டியலில் போடட்டும். சாவி மருத்துவ அறையில். மூன்று மாதம் விட்டவர் தன் பணத்தை முழுசாக எடுத்துக்கொள்ளலாம். இடையில் மறுபடி பற்ற வைத்தவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பறிக்கக் கூடாது. ஏழைப்பட்ட ஆள், வீட்டில் சண்டை வரும்.


டல்லாஸ் தமிழன்:

திருப்பிக் கொடுத்துவிட்டால் வலி எங்கே இருக்கிறது?


செங்கொடி மணி:

கூட இருக்கும் ஒன்பது பேர் முகத்தைப் பார்த்துத்தானே எடுக்க வேண்டும். அது போதும்.


பாலக்கரை ராஜா:

யாரும் ஹான்ஸ் மாதிரி வாயில் ஒதுக்கும் புகையிலை பற்றிப் பேசவில்லையே? தயவுசெய்து இதைக் கவனியுங்கள். 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், வாயில் போடும் புகையிலை எடுப்பவர்கள் 21.4 சதவீதம். இரண்டு மடங்கு. உதட்டுக்குள் ஒதுக்கினால் மெஷினை விட்டு நகர வேண்டியதில்லை, புகை இல்லை, வாசனை இல்லை, சூப்பர்வைசருக்கும் தெரியாது.

நான் வேலை பார்க்கும் இடத்தில் சிகரெட்டைக் கண்டிப்பாகத் தடுத்த ஆறு மாதத்தில் என் லைனில் மூன்று பேர் இதற்கு மாறினார்கள். புகையை விட்டவர்கள் கணக்கில் அவர்களையும் சேர்த்து எழுதினார்கள். அதில் ஒருவருக்கு இப்போது வாய் விரல் இரண்டு அகலம்தான் திறக்கிறது. அரசு மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப் போனேன். மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் திட்டுகளைக் காட்டினார்.

கேள்வித்தாளில் 'புகைப்பீர்களா?' என்று கேட்காதீர்கள். 'புகையிலை எந்த வடிவில் எடுக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். உங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களில் பீகார், ஒடிசாக்காரர்கள் இருந்தால் கைனி பற்றி அவர்கள் மொழியில் கேட்க ஆள் வேண்டும். பல் மருத்துவரை ஒரு நாள் வரவழைத்து எல்லோர் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு யாரும் வெட்கப்பட மாட்டார்கள்.


வல்லக்கோட்டைக்காரன்:

(மூன்றரை மாதம் கழித்து)

எல்லோருக்கும் வணக்கம். என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ராஜா சொன்ன பல் பரிசோதனையில்தான் ஆரம்பித்தோம். புகை என்ற பேச்சே எடுக்கவில்லை. இரண்டு நாள், மூன்று ஷிப்டுக்கும். 212 பேர் வந்தார்கள். வாய்க்குள் மாற்றம் தெரிந்த ஏழு பேரை மேல்சிகிச்சைக்கு அனுப்பினோம், ஆறு பேர் போனார்கள். ஒருவர் ஊருக்குப் போய்விட்டார், போனை எடுக்கவில்லை.

அந்த இரண்டு நாளில் மருத்துவ அறையில் தனியாக எழுதிக்கொண்டதில், விட விரும்புவதாக 44 பேர் சொன்னார்கள். கடைசியில் தேதி குறித்தது 29 பேர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002-லிருந்து புகையிலை நிறுத்தும் பிரிவு இருக்கிறது, சிலரை அங்கே அனுப்பினோம். மற்றவர்களுக்கு எங்கள் செவிலியர், போன், கம்.

மூச்சை ஊதினால் கார்பன் மோனாக்சைடு அளவைக் காட்டும் கருவி ஒன்று வாங்கினோம். செலவு செய்ததில் மிகவும் பயன்பட்டது அதுதான். திங்கள் காலை 19 காட்டிய ஒருவருக்குப் புதன்கிழமை 4 காட்டியது. அவர் அதைச் செல்போனில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். நுரையீரல் போஸ்டர் பத்து வருடமாகச் செய்யாததை அந்த 4 செய்தது. போஸ்டரைக் கழற்றிவிட்டேன்.

உற்பத்தி மேலாளர் ஒரு மாதம் இழுத்தார். அப்புறம் இரவு ஷிப்டில் 3 மணிக்கு எல்லோருக்கும் ஏழு நிமிடம், லைன் முறை வைத்து. கேன்டீனில் அந்த நேரத்தில் சுக்கு மல்லிக் காபியும் அவித்த கடலையும். முதல் வாரம் கடலை மிஞ்சியது. மூன்றாவது வாரம் பத்தவில்லை என்று சண்டை வந்தது. புகைக்கும் ஆட்களும் அங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

உண்டியல் பாதி வெற்றி. இரண்டு குழு ஆரம்பித்தோம். ஒன்று தீபாவளி போனஸ் வாரத்தில் கலைந்துவிட்டது. ஒருவர் எடுத்ததும் மற்றவர்களும் எடுத்துவிட்டார்கள். இன்னொரு குழு நிற்கிறது, அதில் ஏழு பேர்.

இன்றைக்கு 29 பேரில் புகையும் இல்லை, வாயில் போடுவதும் இல்லை என்று கருவியும் செவிலியரும் சொல்வது எட்டுப் பேர். மூன்று மாதம்தான் ஆகிறது, வருடம் தாண்டட்டும். டல்லாஸ் சார் எழுதிய கணக்கைப் படித்திருக்காவிட்டால் இந்த எட்டைப் பார்த்து நான் சோர்ந்திருப்பேன்.

நடக்காதது: பெண்களில் ஒருவர்கூடத் தொடர்புகொள்ளவில்லை. போன் எண்ணைக் கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம். கைனிக்காரர்களில் இருவர்தான் வந்தார்கள், ஒடியா பேசத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. மேலாளர் ஒருவர் இன்னும் தன் அறையில்தான் புகைக்கிறார். அதை மாற்ற முடியவில்லை, மணி தோழர் எச்சரித்தது நினைவில் இருக்கிறது.

அந்த ஆபரேட்டர். தீபாவளியன்று மச்சானோடு இரண்டு பிடித்துவிட்டார். மறுநாள் விடுமுறை என்றும் பாராமல் செவிலியருக்கு அவரே போன் போட்டுச் சொன்னார். அதன் பிறகு இல்லை. உண்டியல் குழுவின் ஏழு பேரில் அவரும் ஒருவர்.

இப்போது என் கவலை பொங்கல். ஐந்து நாள் விடுமுறை, எல்லோரும் ஊருக்குப் போவார்கள். கூட்டாளிகள், ஜல்லிக்கட்டு, திருவிழா. தீபாவளியில் ஆனதுபோல ஆகாமல் இருக்க என்ன செய்யலாம், செவிலி மேடம்?


செவிலி மங்கை:

எட்டுப் பேர் என்பது நல்ல எண்ணிக்கை சார். வழுக்கிய 21 பேரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது முயற்சியில் விடுபவர்கள்தான் அதிகம்.

பொங்கலுக்கு: கிளம்பும் முன் ஒவ்வொருவர் கையிலும் ஐந்து நாளைக்கான கம். யார் கொடுத்தால் மறுக்க முடியாது என்று ஒரு பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மச்சானா, பள்ளிக்கூட நண்பனா என்று அவருக்கே தெரியும். அந்த ஆளுக்கு முன்கூட்டியே போன் போட்டு 'நான் விட்டுட்டேன், எனக்கு நீட்டாத' என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள், உங்கள் அறையில் உட்கார்ந்து, உங்கள் முன்னாலேயே. மாட்டுப் பொங்கல் அன்று மாலை செவிலியர் ஒரு போன் போடட்டும்.


மூணாவது ஷிப்ட்:

அந்த ஆபரேட்டர் அண்ணனுக்கு என் நம்பரையும் கொடுங்கள் சார், தனிச் செய்தியில் அனுப்புகிறேன். பொங்கல் அன்று நான் ஆலையில்தான் இருப்பேன், இரவு மூன்று மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன்.


வல்லக்கோட்டைக்காரன்:

கொடுத்துவிட்டேன் தம்பி. அவர் மச்சானுக்கு இன்று மதியம் என் அறையிலிருந்தே போன் போட்டார். மச்சான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் அந்த மிட்டாய் ரெண்டு அட்டை வாங்கிட்டு வா மாமா" என்றாராம். கொடுக்கலாமா, செவிலி மேடம்? மச்சானுக்கு வயது 34, வேறு நோய் எதுவும் இல்லை என்கிறார்.


செவிலி மங்கை:

கொடுக்கலாம். மெல்லும் விதத்தைச் செய்து காட்டி அனுப்புங்கள். டீயோடு வேண்டாம் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.